என் வீட்டுக்காரரின் யோசனைகள்

என் வீட்டுக்காரர் ஹட்டன் டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்று சொன்னாலும், பாதி நேரம் ஸ்டாண்டில் ஹயருக்குக் காத்திருப்பதுதான் வேலை. மற்ற டிரைவர்கள் அந்த நேரத்தில் அரசியல் பேசுவார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் போனில் வீட்டுக் குறிப்பு வீடியோ பார்ப்பார். உப்பு கசியாமல் வைப்பது எப்படி, இறுகிப்போன பூட்டைத் திறப்பது எப்படி, தேங்காயை உடையாமல் ஓட்டிலிருந்து கழற்றுவது எப்படி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து முடித்ததும் ஆரம்பிப்பார்.

"புள்ள, இன்னைக்கு ஒண்ணு பாத்தேன்."

கல்யாணமான புதிதில் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நான் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் டைப்பிங் வேலை செய்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து முதுகு வலியோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நாங்கள் இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால், இவர் பின்னால் நின்று வெங்காயத்தை எப்படி வெட்டினால் கண் எரியாது என்று சொல்லுவார். "அப்ப நீங்களே வெட்டுங்க" என்று ஒருநாள் கத்தியைக் கையில் கொடுத்துவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, வெங்காயத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டுவைத்து வெட்டினார். கண் எரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயம் வெட்டுவது அவர் வேலை.

சில யோசனைகள் நன்றாகவே பலித்தன. எங்கள் மலையில் மழை பிடித்தால் உப்பு டப்பாவில் உப்பு இருக்காது, உப்புத் தண்ணீர்தான் இருக்கும். இவர் ஒரு கை அரிசியை வறுத்து அதில் போட்டார். உப்பு மணல் மாதிரி உதிர்ந்தது. நனைந்துபோன என் சப்பாத்துக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்துவைத்தார். காலையில் போடும்போது ஈரம் தெரியவில்லை.

சில யோசனைகள் வேறு மாதிரி முடிந்தன. உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தால் மழைத்தண்ணீர் ஒட்டாது என்று ஒரு வீடியோ சொல்லியிருக்கிறது. ஆட்டோக் கண்ணாடி முழுக்கத் தேய்த்துவிட்டார். மழை வந்ததும் கண்ணாடி கஞ்சி ஊற்றியது போல் வெள்ளையாகிவிட்டது. தலையை வெளியே நீட்டிக்கொண்டே தலவாக்கலை வரைக்கும் ஒரு ஹயர் போய், தலைமயிரில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார்.

"கெழங்கு சரியில்ல புள்ள. கடையில இந்தியாக் கெழங்கக் குடுத்துட்டான். நம்ம நுவரெலியாக் கெழங்கா இருந்தா வேலை செஞ்சிருக்கும்" என்றார்.

ஈ விஷயம் அதைவிட மோசம். பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி வாசலில் தொங்கவிட்டால், அதில் தன் உருவத்தைப் பெரிதாகப் பார்த்து ஈ பயந்து ஓடிவிடுமாம். கட்டித் தொங்கவிட்டார். ஈக்கள் வந்து அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்தன. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டார். வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்து வீடுகளில் எனக்கு அவர்தான் பேச்சுத்துணை, அவர் பிள்ளைகள் எல்லாம் கொழும்பில்.

"என்னா தங்கச்சி, கண் திருஷ்டிக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லக்கா, ஈக்கு" என்றேன்.

அவர் நம்பவில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் அவர் வீட்டு வாசலிலும் ஒரு தண்ணீர்ப் பை தொங்கியது. அதற்குள் ஒரு தேசிக்காயும் பச்சை மிளகாயும் மிதந்தன. அந்த வாரம் முடிவதற்குள் லயம் முழுக்கப் பை தொங்கியது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து, இது என்ன நோய்க்கு மருந்து என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இவரைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எனக்கே அந்தப் பழக்கம் தொற்றியது.

எங்கள் கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மையும் கடதாசியும் வாங்கக் கண்டிக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்துப் பரீட்சை முடிவு வெளியானது. கடைக்குள் நிற்க இடமில்லை. முடிவை எடுத்து அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளும் தாய்மாரும் வாசற்படி தாண்டி வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் மவுஸ் செத்துப்போனது. தட்டினேன், வயரைக் கழற்றி மாட்டினேன், ஊதினேன். அடியில் எரியும் சிவப்பு வெளிச்சம் வரவே இல்லை.

எனக்கு அப்போது மவுஸ் இல்லாமல் ஒன்றும் தெரியாது. டைப் பண்ணத் தெரியும், மற்றதெல்லாம் அம்புக்குறியைப் பிடித்து இழுத்துத்தான். முன்னால் நின்ற ஒரு தாய், "என்னாம்மா, பாஸா பெயிலா?" என்று கேட்டார். மகளின் முடிவைத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் கீபோர்டில் விரலை வைத்தேன். டேப் என்று எழுதிய கட்டை அழுந்தியது. திரையில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கோடு நகர்ந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நகர்ந்தது. பரீட்சை இலக்கத்தை அடித்து என்டரைத் தட்டினேன். முடிவு வந்து நின்றது. கன்ட்ரோலையும் பீயையும் சேர்த்து அழுத்தினால் அச்சாகும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அழுத்தினேன். பிரிண்டர் உறுமிக்கொண்டு கடதாசியைத் தள்ளியது. அந்தத் தாயின் மகள் பாஸ். தாய் என் கன்னத்தைத் தொட்டு முத்தம் வைத்தார், ஏதோ நான்தான் பாஸ் போட்டுக் கொடுத்த மாதிரி.

மத்தியானத்துக்குள் என் கை ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் கையை மவுஸுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் நேரம் மிச்சமாகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வரிசை வேகமாகக் கரைந்தது. சாயங்காலம் நானா, நான் போனில் சொன்னபடி புது மவுஸோடு வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இனி இது எதுக்கு புள்ள? நான் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் நான்தான் முந்திக்கொண்டேன். "என்னாங்க, இன்னைக்கு நான் ஒண்ணு பாத்தேன்."

இவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். கொம்பியூட்டரை வாழ்க்கையில் தொட்டதில்லை அவர். ஆனால் நான் சொன்ன ஒவ்வொன்றையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அதற்குப் பிறகு நான் தேடித் தேடிக் கற்றுக்கொண்டேன், பாதி எனக்காக, பாதி இவருக்குச் சொல்வதற்காக. பிழையாக அழித்துவிட்டால் கன்ட்ரோலோடு இஸட் அழுத்து, அழித்தது வந்துவிடும். இரண்டு வேலையை மாற்றி மாற்றிப் பார்க்க ஓல்ட்டோடு டேப். இன்டர்நெட்டில் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தைத் தவறி மூடிவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், டீ மூன்றையும் சேர்த்து அழுத்து, திரும்பி வரும்.

"மூடின பொறகுமா?" என்று கேட்டார்.

"மூடின பொறகும்."

"பொய் சொல்லாத."

நம்பாமல் மறுநாள் மத்தியானம் கடைக்கே வந்துவிட்டார். நானா சிரித்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டார். நான் ஒரு பக்கத்தைத் திறந்து மூடிக் காட்டினேன். இவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூன்று விரலை மூன்று கட்டையில் வைத்து, பிரேக் மிதிக்கிற மாதிரி அழுத்தினார். பக்கம் வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டிலிருந்து இன்னும் இரண்டு டிரைவர்களைக் கூட்டிவந்து காட்டினார்.

இப்படி எங்கள் சாயங்காலங்கள் மாறின. அவர் ஒன்று சொல்லுவார், நான் ஒன்று சொல்லுவேன். எரிச்சல் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் என் நாத்தனாருக்குக் கல்யாணம் வந்தது. இவருக்கு ஒரே தங்கச்சி. கட்டுநாயக்காவில் கார்மென்ட்ஸில் வேலை செய்தவள். அங்கே பேக்கரியில் வேலை செய்த தலவாக்கலைப் பையனை அவளே பார்த்து, அவளே பேசி, கடைசியில் எங்களிடம் சொன்னாள். மாமியார் ஒருநாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் "பையன் நல்லா பாண் போடுவானா?" என்று கேட்டார். அதுதான் சம்மதம்.

பத்திரிகையை நானே எங்கள் கடையில் அடித்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயரில் ஒரு எழுத்துப் பிழை, அது பல இடத்தில் வந்திருந்தது. தேடி மாற்றும் கட்டையை அழுத்தினேன், எல்லா இடத்திலும் ஒரேயடியாகத் திருந்தியது. பக்கத்தில் நின்ற இவர், "இந்த மாதிரி ஒரு கட்டை மனுசனுக்கும் இருந்தா நல்லாருக்கும்" என்றார். "மொதல்ல ஒங்களுக்குத்தான் அமுக்கணும்" என்றேன்.

கல்யாணம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில். பள்ளத்தில் இருக்கிறது அந்த மண்டபம், சுற்றிலும் தேயிலை. அந்த வாரம் முழுக்க மழை. விடிந்தபோதும் மண்டபத்தைப் பனி மூடியிருந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

மாப்பிள்ளைக்குப் போட என் நாத்தனார் தன் சம்பளத்தில் ஒரு தங்க மோதிரம் செய்திருந்தாள். அதை மண்டபத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு அண்ணனுக்கு. பட்டு வேட்டிக்கு மடி சரியில்லை, சட்டைப் பை ஆழமில்லை, டப்பாவை எங்கேயாவது வைத்தால் மறந்துவிடும் என்று யோசித்து, என் வீட்டுக்காரர் அதைத் தன் விரலிலேயே மாட்டிக்கொண்டார். பயணத்தில் நகையைப் பத்திரமாகக் கொண்டுபோக அதுதான் நல்ல வழி என்று ஒரு வீடியோவில் பார்த்தாராம். காலைக் குளிரில் விரல் ஒடுங்கியிருந்தது. மோதிரம் சுலபமாக ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் விறகு சுமந்தார். சோற்று அண்டாவைத் தூக்கினார். அடுப்பு முன்னால் நின்று சாம்பார் கிண்டினார். முகூர்த்தம் நெருங்கியபோது என்னை மணப்பெண் அறை வாசலுக்குக் கூப்பிட்டுக் கையை நீட்டினார். விரல் பலாக்கொட்டை மாதிரி வீங்கியிருந்தது. மோதிரம் நடுவில் புதைந்து கிடந்தது.

"கழட்ட ஏலல புள்ள" என்றார்.

சவர்க்காரம் போட்டோம். வழுக்கியது, ஆனால் கணுவைத் தாண்டவில்லை. சமையல் ஆட்களிடம் நெய் வாங்கிப் பூசினோம். தேங்காய் எண்ணெய் பூசினோம். கையைத் தலைக்கு மேல் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கச் சொன்னார் ஒருவர். இவர் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். மாமியார் குளிர்ந்த தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். யாரோ, ஹட்டனுக்குப் போய் நகைக்கடையில் வெட்டிவிடலாம் என்றார்கள். போய்வருவதற்குள் முகூர்த்தம் போய்விடும். வெட்டிய மோதிரத்தை மாப்பிள்ளைக்குப் போடவும் முடியாது.

அறைக்குள்ளிருந்து என் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் அண்ணன் கையைப் பார்த்தாள், நெய் வடிவதைப் பார்த்தாள்.

"அண்ணே, பரவாயில்ல. நீங்களே மணவறையில ஒக்காந்துருங்க. நான் அவருக்குச் சொல்லிக்கிறேன்" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை நாளும் ஊருக்கெல்லாம் யோசனை சொன்ன மனுஷன்.

"இதுக்கு ஒரு வீடியோவும் பாக்கலயா நீங்க?" என்று கேட்டேன்.

"பாத்திருப்பேன். இப்ப தலையில ஒண்ணுமே இல்ல."

எனக்கு ஒன்றுதான் தெரியும், தேடுவது. மண்டபப் பள்ளத்தில் போனுக்குக் கவரேஜ் கிடையாது. மேலே, காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்துக்குப் போனால்தான் இரண்டு கோடாவது வரும். பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குடையும் எடுக்காமல் படியேறினேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குள் நின்று, மோதிரம், வீங்கிய விரல், கழற்றுவது என்று அடித்தேன். வீடியோ ஒன்றும் திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு படம் மட்டும் மேலிருந்து கீழாக மெதுவாக விழுந்தது. ஒரு விரல், ஒரு மோதிரம், விரலைச் சுற்றி இறுக்கமாக ஒரு நூல். அதைப் பார்த்ததும் செய்முறை விளங்கிவிட்டது. நனைந்த தலையோடு இறங்கி ஓடினேன்.

மண்டபத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் பூக்கட்டும் நூல் வாங்கிக்கொண்டு இவர் முன்னால் உட்கார்ந்தேன். நூலின் ஒரு நுனியை ஊசியால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் இழுத்துவைத்தேன். மிச்ச நூலை மோதிரத்திலிருந்து தொடங்கி நகம் இருக்கும் பக்கமாக, கணுவைத் தாண்டும் வரை, இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றினேன். சதை நூலுக்குள் அமுங்கியது.

"வலிக்குதா?"

"நீ சுத்து புள்ள."

இப்போது உள்ளங்கைப் பக்கம் விட்டிருந்த நுனியைப் பிடித்து, மெல்ல மெல்லப் பிரித்தேன். நூல் ஒரு சுற்று அவிழ, மோதிரம் ஒரு சுற்று மேலே வந்தது. அடுத்த சுற்று. அடுத்தது. கணுவில் வந்து நின்றது. இன்னும் ஒரு இழுப்பு. மோதிரம் கழன்று என் மடியில் விழுந்தது.

மாமியார் தன்னை மறந்து குலவை போட்டார். கூட நின்ற பெண்கள் எல்லாரும் சேர்ந்து குலவை போட்டார்கள். வெளியே தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மேளக்காரர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. குலவைச் சத்தம் கேட்டதும், தாலி கட்டுகிறார்கள் என்று நினைத்துக் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். கெட்டிமேளம் கேட்டதும், மண்டபத்தில் இருந்த சனம் கையில் வைத்திருந்த அட்சதையை எறிந்துவிட்டது. மணவறையில் மாப்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் பொண்ணு இல்லை. தலையில், மடியில், வாயில் எல்லாம் அரிசி. ஐயர் இரண்டு கையையும் ஆட்டி "நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ" என்று கத்தியது மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கண் மை கன்னம் வரை வழிந்தது. அவளுக்கு மறுபடி முகம் துடைத்து, மை தீட்டி மணவறைக்குக் கூட்டிப்போனோம். மாப்பிள்ளை அவளைப் பார்த்து, "நான் கட்டிட்டேனா இல்லையா?" என்று கேட்டார். "இனித்தான்" என்றாள் அவள்.

தாலி கட்டியபோது இரண்டாம் தடவை கெட்டிமேளம் கொட்டினார்கள். எறிய அட்சதை இல்லாமல், சமையல் கட்டிலிருந்து புது அரிசி கொண்டுவந்து மஞ்சள் பிசைந்து கொடுத்தோம். மோதிரம் மாப்பிள்ளையின் விரலில் அளவாக உட்கார்ந்தது. சாப்பாட்டுப் பந்தியில் என் வீட்டுக்காரரைச் சுற்றிக் கூட்டம். விரலில் நூல் பதிந்த சிவப்புக் கோடுகளைக் காட்டிக் காட்டி, எப்படிச் சுற்ற வேண்டும், எப்படிப் பிரிக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அதை அவரே கண்டுபிடித்த மாதிரி இருந்திருக்கும். நான் பாயசம் ஊற்றிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

மறுநாள் வெயில் அடித்தது. கோயிலிலிருந்து கடன் வாங்கிய பெரிய அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மழையில் நனைந்த விறகை ஊதி ஊதி எரித்ததில் சோறு அடிப்பிடித்து, அண்டாவின் உள்ளே கறுப்பாகக் கெட்டி தட்டியிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மலைத் தண்ணீர் பீலிக் குழாயில் விழும் இடத்துக்கு அதை உருட்டிக்கொண்டு போனோம்.

"இதுக்கு ஒண்ணு இருக்கு" என்று ஆரம்பித்தார் இவர்.

"சொல்லுங்க."

அப்பச்சோடாவும் தண்ணீரும் ஊற்றி, அடியில் தீ மூட்டிக் கொதிக்கவைத்தார். கறுப்பு மெல்ல ஊறி, தோல் மாதிரி உரிந்து வந்தது. உண்மையிலேயே வந்தது. ஆனால் பாதிதான். மிச்சப் பாதி பிடிவாதமாக ஒட்டிக்கொண்டு நின்றது. அவர் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "மிச்சத்துக்குக் கைதான் புள்ள" என்றார். குரல் அண்டாவுக்குள் முழங்கியது. தேங்காய்ப் பொச்சு நாரையும் மணலையும் எடுத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கமாகத் தேய்த்தோம். வெயில் முதுகில் சுகமாக இருந்தது. தேய்த்துக்கொண்டே, திரையில் எழுத்தைப் பெரிதாக்க என்ன அழுத்த வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் அதை அண்டாவுக்குள்ளேயே திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வீட்டு அக்கா அந்த வழியாக வந்தார். கொதித்துக் கழன்ற கறுப்பை எட்டிப் பார்த்தார். வீட்டுக்குப் போய், பால் கருகிய ஒரு சட்டியும் அடிப்பிடித்த இரண்டு கேத்தலும் கொண்டுவந்து எங்கள் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு, தானும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.